பட்டம் போனால் பதினெட்டு லட்சம்

சிவகாசி அருகே எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. ‘மருந்து உராய்வு’ என்று எழுதி, போர்மேனைக் கைது செய்தால் வேலை முடிந்தது. உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது இன்னொருவர், நாலு பேர் அறையில் எட்டுப் பேர், தலைக்கு மேல் தீபாவளி ஆர்டர், முன்பணம் வாங்கிய பாவத்துக்கு வேலையை விட முடியாத பெண்கள். இதெல்லாம் உராயாது. மருந்து மட்டும்தான் உராயும்.

1946-ல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரும் தொழிலாளர் கொந்தளிப்புக்கு இப்படி ஒரு ரெடிமேட் காரணம் வைத்திருந்தார்: கம்யூனிஸ்ட்டுகள். அப்போது செங்கோட்டையும் அந்த ராஜ்யத்துக்குள்தான். ஆகவே இது பக்கத்து வீட்டுச் சங்கதி. ஆலப்புழைக் கயிறு ஆலைத் தொழிலாளிக்கு அரிசி இல்லை. சேர்த்தலைக் குடியானவனின் குடிசையை நிலக்கார ஜன்மி பிரித்து எறிந்தான். அரிசி கேட்டவர்களுக்குத் திவான் அரசியல் சட்டம் கொடுத்தார். பெயர் ‘அமெரிக்க மாடல்’. அமெரிக்காவில் அதிபரை நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பலாம், இங்கே திவானை ஜனங்கள் அசைக்கவே முடியாது. அந்தச் சின்ன வித்தியாசத்தை மட்டும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘அமெரிக்க மாடல் அரபிக்கடலில்’ என்றார்கள் தொழிலாளிகள்.

அக்டோபர் 24, மன்னர் சித்திரைத் திருநாளின் பிறந்தநாள் கொண்டாட்டம். அன்றைக்கு ஆலப்புழை அருகே புன்னப்ரா போலீஸ் முகாமுக்குத் தொழிலாளிகள் கமுகு மரத்தைச் சீவிய ஈட்டிகளோடு போனார்கள். மறுநாள் ராணுவச் சட்டம் வந்தது. வக்கீல் திவான் படைத் தலைவரும் ஆனார். 27-ம் தேதி சேர்த்தலை அருகே வயலாரில் இயந்திரத் துப்பாக்கி பேசியது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். ஒழுங்காக எண்ணிவைக்க ராஜாங்கத்துக்கு அவகாசமில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாமல் வேலைக்குப் போகும் எங்கள் சனத்துக்கு இந்தக் கணக்கு முறை நன்றாகவே புரியும்.

அடுத்த ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடு என்று அறிவித்தார் திவான். ஜூலை 25 அன்று கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் அவரை வெட்டினார். பிழைத்த திவான் பதவியை விட்டுப் போனார். மன்னர் இந்தியாவோடு இணைந்தார். வெட்டை மெச்சுகிறவன் அல்ல நான். மனுக் கொடுத்தபோதெல்லாம் தூங்கிய அரண்மனை எதற்கு விழித்தது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

விளைவுகளைக் கேட்கிறீர்களா? திவான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். மன்னர் 1949 முதல் 1956 வரை ராஜப்பிரமுகர், அதாவது ஆளுநர் மாதிரி. அதோடு மன்னர் மானியம், ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய். 1971-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் நிறுத்த முடிந்தது. 1957-ல் கேரளத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த கம்யூனிஸ்ட் அரசைக் கலைக்க டெல்லிக்கு 28 மாதம் போதுமாயிருந்தது. வயலாரில் விழுந்தவர்களுக்கு ஒரு மண்டபம்.

2023 அக்டோபர் 17. புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் பட்டாசு வெடிவிபத்தில் 13 பேர் கருகினார்கள், பெரும்பாலும் பெண்கள். நிவாரணம் தலைக்கு 3 லட்சம், ஒரே தடவை. பட்டத்தை இழந்தவருக்கு வருஷா வருஷம் 18 லட்சம் அழுத நாடு இது. பதின்மூன்று உயிரையும் கூட்டினால் அவருடைய இரண்டு வருஷ மானியத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. அன்றைய ரூபாய்க்கும் இன்றைய ரூபாய்க்கும் உள்ள தூரத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு இன்னும் நாறும்.

இங்கே மன்னர் யாரும் இல்லையே என்பீர்கள். அதுதான் தொல்லை. உரிமம் தரும் தலைமை அலுவலகம் நாக்பூரில், உரிமக்காரர் சிவகாசிப் பங்களாவில், குத்தகைக்காரர் தலைமறைவில். புதுப்பட்டிக்காரன் கமுகைச் சீவி எந்தத் திசைக்குத் தூக்குவான்?