கொடிவழிக் கேள்விகள்

பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களை நடந்தே சுற்ற ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்? — மதுரை வாசகர்

பர்கண்டியில், போன் என்ற ஊரில். காலையில் கிளம்பினால் பொம்மார், வொல்னே, மெர்சோ என்று ஊர்கள் வரிசை கட்டி நிற்கும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ஒரு மணி நேர நடைகூட இல்லை. சர்ச் கோபுரத்தைக் குறிவைத்து நடந்தால் போதும். மூன்றுமே பாட்டில் லேபிளில் ஏறி உலகம் சுற்றுகிற பெயர்கள். நேரில் போனால் தெருவில் ஒரு பூனை இருக்கும், அதுவும் தூங்கும்.

பிரெஞ்சு தெரியாது. வழி தவறினால் யாரைக் கேட்பது? — திருச்சி வாசகி

மரத்தை. அது இல்லாவிட்டால் கல்லை, கம்பத்தை. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டை அடித்திருந்தால் நெடும்பாதை. மஞ்சள் பட்டை மட்டும் என்றால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பட்டைகளைப் பெருக்கல் குறியாகப் போட்டிருந்தால் 'அந்தப் பக்கம் போகாதே'. 1947-ல் லுவார் நதியோரப் பாதையில் ஆரம்பித்த பாஷை இது. கோயில் மதில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் நடக்கவும்.

அல்சாஸில் மட்டும் இந்தப் பாஷை செல்லாது. அங்கே 1872-ல் பிறந்த வோஜ் மலைச் சங்கம் தனக்கென்று செவ்வகம், முக்கோணம் எல்லாம் வைத்திருக்கிறது. சிலுவைக் குறிகூட அங்கே 'வா' என்றுதான் கூப்பிடும். நேற்றுப் பிறந்த பயல் நமக்கு வழி சொல்வதா என்கிற கெத்து!

ரொமானே-கோன்தி தோட்டத்தைப் பார்க்க டிக்கெட் எவ்வளவு? — கோவை வாசகர்

ஓசி. வோன்-ரொமானே ஊரைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் ஒரு கல் சிலுவை, ஒரு குட்டைச் சுவர். சுவருக்குள் 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர்கூட முழுசாகத் தேறாது. இங்கே விளைந்த 1945-ம் வருடத்துச் சரக்கில் ஒரு பாட்டில், 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. 'சாலையிலேயே நில்லுங்கள், உள்ளே இறங்காதீர்கள்' என்று ஒரு பலகை மரியாதையாகக் கெஞ்சுகிறது.

அங்கிருந்து பொடிநடையாகக் கீழே வாருங்கள். வெறும் ஊர்ப் பெயரில் விற்கிற தோட்டங்கள் வரும். அதே பினோ நுவார் கொடி, அதே மழை, அதே வெயில். விலையில் இரண்டு பூஜ்யம் காணாமல் போயிருக்கும். பூஜ்யத்துக்கு மதிப்பே கிடையாது என்று சொல்லிக்கொடுத்த கணக்கு வாத்தியாரைக் கையோடு கூட்டிப்போகவும்.

அப்படி அந்த மண்ணில் என்னதான் இருக்கிறது? — அதே கோவை வாசகர்

விடமாட்டீரே! இதற்கு வாயால் பதில் சொல்வதைவிடக் காலால் சொல்வது சுலபம். மழை விட்ட மறுநாள் சரிவின் அடியிலிருந்து ஏறுங்கள். அடியில் களிமண், ஷூவில் அப்பி அப்பி ஆளை இரண்டு அங்குலம் வளர்த்துவிடும். பாதி ஏறினால் சுண்ணாம்புக் கல் கலந்து, கால் வைத்த இடம் பொருபொருவென்று உதிரும். அப்பிய களி தானாகவே கழன்றுவிடும். உச்சிக்குப் போனால் பாறைமேல் பேருக்குக் கொஞ்சம் மண், அப்புறம் காடு.

அடியில் தண்ணீர் தேங்கும், உச்சியில் கொடி பட்டினி கிடக்கும். பெரிய மனிதர்கள் எல்லாம் நடு இடுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சாமியார் மடங்கள் காலத்திலிருந்து துருவித் துருவிப் பார்த்து, 1,247 துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். நம்மூரில் நிலத்தைத் துண்டு போட்டால் கோர்ட்டுக்குப் போகும். அவர்களுடையது 2015-ல் யுனெஸ்கோவுக்குப் போனது.

ஒரு விஷயம். மழையில் கரைந்து இறங்கிய மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது அங்கே பழைய வழக்கம். ஊர் திரும்பும் முன் ஷூவைத் தட்டிவிட்டு வரவும். அவர்கள் சொத்து.

எங்கள் ஊர்த் திராட்சை பந்தலில் தொங்குகிறது. அங்கே மட்டும் ஏன் இடுப்பளவுக்குக் குட்டை? — கம்பம் வாசகர்

உங்கள் கொடிக்கு வருடம் முழுக்க வெயில், பந்தல் போட்டு நிழல் தேடுகிறது. பர்கண்டிக் கொடி தரையோடு ஒட்டி உட்கார்ந்து, பகலில் கல் வாங்கிவைத்த சூட்டில் குளிர்காய்கிறது. ஒரு ஹெக்டேரில் சுமார் 10,000 கொடிகள் நெருக்கியடித்து, ஒருவன் வாய்ச்சோற்றை இன்னொருவன் பிடுங்கி வளர்கின்றன. வருடத்துக்கு ஒரே மகசூல், பனிக்காலம் முழுக்கத் தூக்கம். உங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையையே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் 1832-ல் இந்தப் பக்கம் கொண்டுவந்தார் என்பார்கள். வந்த இடத்தில் அது தூங்குவதை மறந்துவிட்டது.

போகிற வழியில் ரெண்டு பழம் பறித்தால் தப்பா? — ஏற்காடு வாசகர்

திருட்டு. ஆனால் இந்தத் திருட்டுக்கு உங்கள் காப்பித் தோட்டம் கடன்பட்டிருக்கிறது, தெரியுமா? போர்டோ பக்கம் மெதோக்கில், பாதையோரக் கொடிகளை வழிப்போக்கர்கள் மேய்ந்துகொண்டே இருந்தார்கள். தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரத்து வரிசைகளில் தெளித்துவிட்டார்கள். நீலமாகப் பூத்த பழத்தை எவன் வாயில் வைப்பான்? 1882-ல் மில்லார்தே என்கிற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியாகப் போனார். அடிச்சாம்பல் நோயில் தோட்டமே இலை கொட்டிக் கிடக்க, பாதையோர வரிசைகள் மட்டும் பச்சையாக நின்றன. நீங்கள் காப்பிச் செடிக்கு அடிக்கிற போர்டோ கலவை அதுதான். மருந்தைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர். அதற்குக் காரணமான திருடர்களுக்கு ஒரு சிலைகூட இல்லை.

வரிசையின் முனையில் ரோஜாச் செடி எதற்கு? — ஓசூர் வாசகி

சாம்பல் நோய் முதலில் ரோஜாவுக்கு வரும், அதைப் பார்த்துத் திராட்சையை உஷார்ப்படுத்தலாம் என்பது பழைய கதை. இப்போது போட்டோவுக்கு.

குடிப்பழக்கம் இல்லாதவன் அங்கே போய் என்ன செய்வான்? — காரைக்குடி வாசகர்

மாக்கோன் பக்கம் சொலுத்ரே பாறைக்கு ஏறுவான். 493 மீட்டர், அடிவாரம் முழுக்கப் புய்யி-ஃபுய்செ தோட்டங்கள். மித்தெரான் ஒவ்வொரு வருடமும் பெந்தெகொஸ்தே சமயத்தில் ஏறுவார், ஜனாதிபதியான பிறகும். பின்னால் பத்திரிகைக்காரர்கள் மூச்சிரைப்பார்கள். பாறைக்குக் கீழே ஆதிகாலத்துக் குதிரை எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. வேடர்கள் உச்சியிலிருந்து குதிரைகளை விரட்டித் தள்ளினார்கள் என்று ரொம்ப நாள் கதை. அடிவாரத்தில் மடக்கித்தான் வேட்டையாடினார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் முடித்துவிட்டார்கள். தள்ளிவிட்டவர் ஒரு நாவலாசிரியர், 1872-ல்.

குடிக்காதவருக்குக் கூடுதலாக ஒரு லாபம்: இறங்கும்போது பாறை அசையாது.

எந்த மாதம் உசிதம்? — தஞ்சாவூர் வாசகர்

மே, ஜூன். ஜூலை, ஆகஸ்டில் தலைக்கு மேலே ஒரு கிளை நிழல் இருக்காது. பழைய தோட்டக்காரர்கள் கட்டிவைத்த கல் குடிசைகள் அங்கங்கே உண்டு, ஓர் ஆள் குந்தலாம். செப்டம்பரில் அறுவடை, எல்லோரும் பிஸி, உங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அக்டோபரில் இலை பொன்னாகும், கூடவே வேட்டைக்காரர்களும் வருவார்கள். பளிச்சென்று சட்டை போடவும். காட்டுப்பன்றி கலரில் வேண்டாம்.

எந்த மாதமானாலும் மதியம் 12-லிருந்து 2 வரை கிராமத்துக் கடைகள் சாத்தியிருக்கும். தட்டிப் பிரயோஜனமில்லை.

ஓட்டமும் ஒயினும் சேருமா? — சென்னை வாசகர்

மெதோக்கில் 1985-லிருந்து மாரத்தான் நடக்கிறது. முழு 42.195 கிலோமீட்டர், மாறுவேடம் போட்டு. வழி நெடுகத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒயின், கடைசிக் கட்டத்தில் சிப்பி. ஆறரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முதலில் வருகிறவரை யாரும் மதிப்பதில்லை. பாவம், ஒன்றும் சாப்பிடாதவர்.

மூட்டை தூக்க ஆள் கிடைக்குமா? — சேலம் வாசகர்

1878-ல் செவென் மலைப் பக்கம் எழுத்தாளர் ஸ்டீவன்சன் மொடெஸ்டின் என்ற கழுதையோடு 12 நாள் நடந்தார். திராட்சை கம்மியான பிரதேசம், ஆனால் அந்தப் பாதைக்கே இன்று அவர் பெயர்தான். கடைசியில் கழுதையை விற்றுவிட்டு அழுதாராம். கழுதை அழுததாகத் தகவல் இல்லை.

பிரான்ஸுக்குத் திராட்சையைக் கொண்டுபோனது யார்? — புதுச்சேரி வாசகி

கிரேக்கர்கள். கி.மு. 600 வாக்கில் வந்து மார்செய் நகரத்தை உண்டாக்கியவர்கள். நம் சங்கப் புலவர்கள் யவனர் என்றார்களே, அதே வம்சம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் ஒயின் சாடிகள் உடைசலாகக் கிடைத்தன. அவர்களுக்குச் செடியைக் கொடுத்தார்கள், நமக்குச் சாடியைக் கொடுத்தார்கள்.

பிரெஞ்சுக் கிராமங்களில் சட்டதிட்டம் கெடுபிடியா? — நெல்லை வாசகர்

ரோன் பக்கம் ஷாத்தோநெஃப்-து-பாப் என்று ஓர் ஊர். குண்டு குண்டான கூழாங்கல்லில் கொடி வளரும், நடந்தால் கணுக்கால் பிசகும். 1954-ல் அந்த ஊர் மேயர் ஓர் உத்தரவு போட்டார்: பறக்கும் தட்டுகள் எங்கள் எல்லைக்கு மேலே பறக்கவோ, இறங்கவோ கூடாது, இறங்கினால் பறிமுதல். உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. பிரான்ஸில் எல்லோரும் ஒழுங்காக மதிக்கிற ஒரே சட்டம் இதுதான்.