வாத்துக்குத் தெரியாத படகு

வாத்து வேட்டைக்குப் படகு வாங்க நினைக்கும் நியூ ஜெர்சிக்காரர் நேரே படகுக் கடைக்குப் போவார். அவர் முதலில் போக வேண்டிய இடம் சேறு. அதுவும் கடல் வற்றிய நேரத்துச் சேறு.

அட்லாண்டிக் கரையோரத்து உவர்ச் சதுப்பில் தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். விடியுமுன் இருட்டில் ஓடைக்குள் சுகமாக மிதந்து போன படகு, வெயில் ஏறும்போது சேற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். மறுபடி தண்ணீர் வரும்வரை உள்ளே இருப்பவர் வேட்டைக்காரர் இல்லை; வாத்துகளுக்கு வேடிக்கைப் பொருள். இறங்கி நடக்கலாமே என்று தோன்றும். அந்தச் சேறு முழங்காலோடு விட்டால் அதிர்ஷ்டம்.

ஒரே மாநிலத்துக்குள்ளேயே கணக்கு மாறும். டெலவேர் விரிகுடாவில் தண்ணீர் ஐந்தடிக்கு மேல் ஏறி இறங்கும். பார்னகட் விரிகுடாவில் கடல்வாய் குறுகலாக இருப்பதால் ஏற்றமும் வற்றமும் சிறியவை. ஆனால் அங்கே ஆழமே பல இடங்களில் இடுப்பளவுதான். டெலவேரில் கெட்டிக்காரனாக இருந்த படகு பார்னகட்டில் அசடாகலாம்.

இது எதுவும் தெரியாமல் நம் ஆள் கடைக்காரரிடம் ஒரு பட்டியல் நீட்டுவார். கால் சாண் தண்ணீரில் மிதக்க வேண்டும். காற்று அடித்தால் கவிழக் கூடாது. வாத்துக் கண்ணுக்குத் தெரியக் கூடாது. நண்பர், நாய், வாத்துகளை ஏமாற்ற நாலு டஜன் பொம்மை வாத்து, ஒரு பிளாஸ்க் காபி எல்லாம் ஏற வேண்டும். அத்தனைக்கும் பிறகு ஒரே ஆள் கரைக்கு இழுக்கிற எடையில் இருக்க வேண்டும். அப்படி ஒரு படகு இதுவரை பிறக்கவில்லை. அதற்குக் கிட்டத்தில் வந்ததை 1836-வாக்கில் வெஸ்ட் கிரீக் என்ற சிற்றூரில் ஹேசல்டன் சீமன் என்ற படகுத் தச்சர் செய்தார். அதற்கு ஸ்னீக்பாக்ஸ் என்று பெயர். ஆனால் அது ஊரார் வைத்த பட்டப்பெயர். அவரே முதலில் வைத்த பெயர் ‘சைத்தானின் சவப்பெட்டி’.

சவப்பெட்டி என்றதில் நியாயம் இருந்தது. நீளம் சுமார் 12 அடி, அகலம் 4 அடி. ஒரு கரண்டியின் மேல் இன்னொரு கரண்டியைக் கவிழ்த்து மூடினாற்போல் அடிப்பாகமும் மேல்தளமும் சேர்ந்திருக்கும். நடுவில் ஆள் நுழைய ஓர் ஓட்டை. மேல்தளத்தில் உவர்ப்புல்லைப் பரப்பிவிட்டு உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டால் படகு புல்திட்டாகிவிடும். துடுப்பு மாட்டும் கட்டைகள் மடங்கும். காற்று இருந்தால் சின்னப் பாய் கட்டலாம். குளிர் முற்றித் தண்ணீர் உறைந்தால் அடியில் சறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன; இறங்கிப் பனிக்கட்டியின் மேல் இழுத்துப் போகலாம். வாத்து வந்ததும் எழுந்து உட்கார்ந்து சுட வேண்டும். மறைவிடத்திலேயே தூங்கிவிடும் அபாயம் இந்த வடிவமைப்பில் இருக்கிறது என்பதை யாரும் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை சிறு மோட்டார் படகுகளுக்கு எளிய சூத்திரம் ஒன்று சொல்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை ஸ்னீக்பாக்ஸுக்குப் போட்டால் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் மேல் ஒருவராக அடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒருவர் என்றால் அது எங்கும் போகும். நதானியேல் பிஷப் என்பவர் 1875 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஸ்னீக்பாக்ஸில் ஏறி, ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியே மெக்சிகோ வளைகுடாவுக்கு இறங்கி, ஃபுளோரிடா வரை துடுப்புப் போட்டார். ஏறத்தாழ 2,600 மைல். இரவுத் தூக்கமும் அதற்குள்ளேயேதான்.

வடக்கே மெயின் மாநிலத்து மெரிமீட்டிங் விரிகுடாவில் வேறு தந்திரம். அங்கே வேட்டைக்காரர் தாழ்வான படகில் படுத்தபடி, பின்பக்கத்து ஓட்டை வழியே ஒற்றைத் துடுப்பை அசைத்து அசைத்து வாத்துக் கூட்டத்தை நெருங்குவார். முன்பக்கம் முழுக்கப் புல் செருகியிருக்கும். காற்றை எதிர்த்து மெதுவாக நகரும் ஒரு புல்திட்டை வாத்து சந்தேகப்படாமல் இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் ஒரே நிபந்தனை.

டெலவேர் ஆற்றுச் சதுப்பில் ரெயில் என்ற நீர்க்கோழி வேட்டை நடக்கும்போது நிலைமை நேர்மாறு. ஒல்லியான படகில் ஒருவர் பின்னால் நின்று கழியால் தள்ள, இன்னொருவர் நடுவில் நின்றுகொண்டு சுடுவார். ஏற்றம் உச்சத்தில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். 1874-இல் தாமஸ் ஈக்கின்ஸ் இந்தக் காட்சியை வரைந்தார். ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீரில் விழவில்லை. ஓவியத்தின் வசதி அது.

அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்த சாதனமும் ஒன்று உண்டு. சிங்க்பாக்ஸ் என்ற பெட்டியை வார்ப்பிரும்பு பொம்மை வாத்துகளை ஏற்றித் தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்த்துவார்கள். ஆள் மட்டத்துக்குக் கீழே கிடப்பார். 1935-இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. ஆள் மூழ்குகிறார் என்பதற்காக அல்ல, வாத்து தப்பவில்லை என்பதற்காக. இன்றும் மோட்டாரை நிறுத்தி, அதன் வேகத்தில் படகு ஓடுவது அடங்கிய பிறகே சுடலாம் என்பது சட்டம். பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆன வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் 25 டாலர் வாத்து முத்திரையும் வாங்க வேண்டும். 1934-இல் தொடங்கிய அந்த முத்திரைப் பணம் சதுப்பு நிலங்களைக் காக்கப் போகிறது. சுட வருகிறவரிடமே வாத்து வாடகை வசூலிக்கிறது.

இப்போது பெரும்பாலானோர் வாங்குவது தட்டையான அடியுள்ள அலுமினியப் படகு. இடம் தாராளம், விலை சுமார், ஓடையில் உருப்படியாகப் போகும். திறந்த விரிகுடாவில் சின்ன அலை வந்தாலும் அடிவயிற்றில் பளார் பளார் என்று அறையும். அந்தச் சத்தம் வாத்துக்கும் கேட்கும். நாய் வளர்ப்பவருக்கு வேறு வழியும் இல்லை. முப்பது கிலோ லாப்ரடார் பக்கவாட்டில் தண்ணீருக்குள் பாயும்போது ஸ்னீக்பாக்ஸ் என்ன செய்யும் என்று பௌதிகம் படித்தவர்கள் சொல்லட்டும். நனைந்த நாய் திரும்பி ஏறி உடம்பை உதறும்போது காபி பிளாஸ்க் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

தனியாகப் போகிறவர், அசையாமல் படுக்கத் தெரிந்தவர், பார்னகட் போன்ற ஆழமற்ற நீரில் திரிபவர் ஸ்னீக்பாக்ஸ் வாங்கலாம். நண்பரும் நாயும் உடன் வந்தால் பதினான்கு, பதினாறு அடி அலுமினியப் படகு. காற்று வலுத்தால் அன்றைக்கு ஓடையை விட்டு வெளியே போகக் கூடாது. எதுவானாலும் பணம் கொடுக்குமுன் விற்பவர் வீட்டு முற்றத்தில் அதை ஒற்றை ஆளாக இருபதடி இழுத்துப் பாருங்கள். புல்தரையிலேயே நகராத படகு சேற்றில் நகராது.