களிக்குழியும் வெண்ணெய்க்குழியும்: ஓர் ஒப்பாய்வு

களி உருண்டையின் உச்சியில் குழி பறிப்பது ஏன்? இந்த வினாவைத் தொல்காப்பியர் தொடவில்லை. உரையாசிரியர்களும் தாண்டிப் போய்விட்டார்கள். பாட்டிமார் விடை சொன்னதுண்டு. ஆனால் அவர்கள் அடிக்குறிப்பு போடாமல் சொன்னதால் அது ஆய்வுக் கணக்கில் வராது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வின் களம் கள்ளக்குறிச்சி. 1993 வரை தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் இடம் மாறியபோதெல்லாம் குழி இருந்த இடத்திலேயே இருந்தது. மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலை அதன் தாலுகா தலைமையிடம். மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாமை, தினை, கேழ்வரகு அவர்களுடைய பழைய வெள்ளாமை. இன்று மரவள்ளியும் மக்காச்சோளமும் அந்த நிலத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டன.

ஒப்புக்கு எடுத்துக்கொண்ட மறுகளம் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டர். அங்கே வீட்டுச் சமையலில் 'சாம்ப்' என்றொரு பண்டம் உண்டு. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பாலில் கொதிக்கவிட்ட வெங்காயத்தாளைச் சேர்த்துக் கிளறி, தட்டில் குன்றுபோலக் குவித்து, உச்சியில் குழி பறித்து அதில் வெண்ணெய்க் கட்டியைப் போடுவார்கள். வெண்ணெய் உருகிக் குளமாகும். ஓரத்திலிருந்து கிழங்கை எடுத்து அந்தக் குளத்தில் தோய்த்துத் தோய்த்துத் தின்பார்கள். கள்ளக்குறிச்சிக்காரர் எவரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்வார். கேழ்வரகை நீக்கி உருளையை வைத்து, கருவாட்டுக் குழம்பை நீக்கி வெண்ணெயை வைத்தால் மீதி எல்லாம் நம்முடையதே.

இந்த ஒற்றுமையை முதலில் கண்டிருக்க வேண்டியவர் ராபர்ட் கால்டுவெல். 1814இல் அதே அல்ஸ்டரின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். பிறகு கிளாஸ்கோ போனார். 1838இல் சென்னையில் இறங்கினார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சாம்ப் ஊரில் பிறந்து களி நாட்டில் வாழ்ந்த ஒருவர், வேற்றுமை உருபுகளை அத்தனை நுட்பமாக ஒப்பிட்டவர், இரண்டு குழிகளையும் ஒப்பிடாமல் விட்டது நமக்கு நேர்ந்த இழப்பு. அவர் இடையன்குடிப் பக்கம் போய்த் தங்கியது ஒரு காரணமாகலாம். அது பனங்காட்டு நாடு. அங்கே பதனீரும் கருப்பட்டியும் கண்ணை மறைத்திருக்கும்.

இனிக் குழியின் பிறப்பு. களியில் குழி ஒன்றல்ல, இரண்டு. முதற்குழி அடுப்பிலேயே விழுந்துவிடுகிறது. உலை தளதளவென்று கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் கலக்காமல் அப்படியே குவித்துக் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குத்துக் குத்தி ஓட்டை போட வேண்டும். அடியிலுள்ள கொதிநீர் அந்த ஓட்டை வழியே பொங்கி மேலேறி மாவின் தலையில் வழியும். ஓட்டை போடாவிட்டால் உள்ளே மாவு மாவாகவே இருக்கும். மாவு வெந்த வாசனை வந்த பிறகே பானையை இறக்கி, கவட்டைக் குச்சியால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டுவது. கிண்டுகிறவரின் தோள்பட்டைக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் தடவிக் களியை அள்ளிப் போட்டு உருட்டி உருட்டி எடுத்தால் பளபளவென்று உருண்டை. அதன் தலையில் ஈரக் கட்டைவிரலால் அழுத்தினால் வருவது இரண்டாம் குழி. சாம்ப்புக்கு இருப்பது இந்த இரண்டாம் குழி மட்டுமே. எனவே குழியியலில் நாம் ஒரு படி முன்னால் நிற்கிறோம் என்பது பெறப்படும்.

குழி எதற்கு? அழகுக்கு என்பார் ஒருசாரார். அது பொருந்தாது, கருவாட்டுக் குழம்பு வைத்த தட்டில் அழகை யாரும் தேடுவதில்லை. ஆறுவதற்கு என்பார் வேறு சிலர். அதுவும் பொருந்தாது, ஆறிய களி தொண்டையில் இறங்காது, சூடாக விழுங்குவதற்கென்றே அது கிண்டப்படுகிறது. களியை மெல்லக் கூடாது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மென்றால் வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு, தின்றவர் பேச்சிழந்து நிற்பார். கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதே முறை.

எங்கள் முடிபு இது: குழி ஒரு சிக்கனக் கருவி. தட்டில் மாவுப்பொருள் மலையளவும் ருசியான பொருள் கையளவும் இருக்கும் வீட்டில், அந்தக் கையளவு ஓடிப்போகாமல் கட்டிவைக்கக் கரை வேண்டும். சோற்றில் ஊற்றிய குழம்பு தட்டெங்கும் பரவிக் காணாமற் போகும். களிக்குழியில் ஊற்றிய குழம்போ கச்சிராயபாளையத்துக்கு மேலே கோமுகி அணையில் நிற்கும் தண்ணீர் மாதிரி, திறந்துவிடுகிறவர் மனம் வைத்தால்தான் நகரும்.

இதற்கு ஐரிஷ் சான்று வலுவானது. அயர்லாந்தின் வெண்ணெய் உலகப் புகழ் பெற்றது. கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை 1770 முதல் தரம் பார்த்து முத்திரை குத்திக் கடல் கடந்து அனுப்பியது. ஆனால் மாடு வைத்திருந்த குடியானவன் வெண்ணெயை விற்றுக் குத்தகை கட்டினான். அவன் வீட்டில் தங்கியது மோர். உழைக்கும் ஆள் ஒருவன் நாளொன்றுக்கு 5 கிலோவுக்குக் குறையாமல் உருளைக்கிழங்கு தின்று மோர் குடித்து வாழ்ந்தான். சங்கத்துக்குப் பாலை ஊற்றிவிட்டு மோரைக் கரைத்துக் குடிக்கும் சின்னசேலம் குடும்பத்துக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. வெண்ணெய் கிடைத்த நாளில் அதைக் குழி தோண்டிக் காத்ததில் வியப்பென்ன?

1845இல் அந்தக் கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. அடுத்த ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். லண்டன் அரசு அமெரிக்க மக்காச்சோளத்தை இறக்கியது. கல்லாய்க் கிடந்த அந்தச் சோளத்தை அரைக்கவும் தெரியாமல், வேகவைக்கவும் தெரியாமல் மக்கள் வயிறு கெட்டார்கள். மாவைக் குவித்து ஓட்டை போட்டுக் கிண்டத் தெரிந்த ஒரு கிழவி நம் பக்கத்திலிருந்து போயிருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. நடந்ததோ நேர்மாறு. நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த நிதித்துறை அதிகாரி சார்லஸ் டிரவெலியன்தான் 1859இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்து சேர்ந்தார். வருமான வரி விவகாரத்தில் மேலிடத்தோடு முட்டிக்கொண்டு மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். தென்னார்க்காட்டுக் களியைச் சாப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

பாரம்பரியம் பற்றி ஒரு சொல். உருளைக்கிழங்கு தென் அமெரிக்க மலைகளிலிருந்து அயர்லாந்துக்குப் போனது. நம் மரவள்ளியும் அதே கண்டத்துச் சரக்கு. கேழ்வரகோ ஆப்பிரிக்கக் கிழக்கு மேட்டுநிலத்தில் பிறந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து குடியேறியது. ஆக இரு தரப்பிலும் மாவு வெளியூர், குழி உள்ளூர். அண்மையில் சிறுதானியம் என்ற பட்டத்தோடு கேழ்வரகு கண்ணாடிப் புட்டிக்குள் ஏறி, கேட்டால் மயக்கம் வரும் விலைக்கு விற்கிறது. மலையிலோ ரேஷன் அரிசி அடுப்பில் வேகிறது. இதைப் பற்றி இக்கட்டுரை கருத்துச் சொல்லாது. அரிசிச் சோற்றில் குழி நிற்காது என்பதை மட்டும் பதிவு செய்கிறது.

அறிஞர் பூசலிலும் ஒற்றுமை உண்டு. ஐரிஷ் ஸ்டூவில் ஆட்டிறைச்சி, உருளை, வெங்காயம், தண்ணீர் இவ்வளவே இருக்கலாம், கேரட் போட்டால் அது வேறு பண்டம் என்று அங்கே ஒரு கட்சி இன்றும் சண்டை போடுகிறது. இங்கே நொய் போட்டுக் கிண்டுவதே களி என்பவருக்கும், வெறும் மாவே களி என்பவருக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில்கூட மனஸ்தாபம் உண்டு. ஹாலோவீன் இரவில் சாம்ப்பை வெளியே வைத்து யட்சிகளுக்குப் படைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஆடியில் நாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். அம்மனுக்கு ஊற்றும்போது குழி தேவையில்லை, அவளிடம் சிக்கனம் செல்லாது.

இறுதியாகச் சோதனை. மரவள்ளியில் சாம்ப் செய்யலாமா என்று முதலில் யோசித்தோம். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்பு ரகங்களில் சயனைடு தரும் பொருள் கூடுதல். தின்கிற ரகத்தையே தோலுரித்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆய்வாளருக்கு ஆயுள் முக்கியம் என்பதால் ஊட்டிக் கிழங்கையே வாங்கினோம். மசித்து, வெங்காயத்தாள் போட்டு, குவித்து, குழி பறித்து, வெண்ணெயும் போட்டுப் பெரியம்மா முன்னால் வைத்தோம். பக்கத்தில் ஒப்பீட்டுக்காகக் களி.

பெரியம்மா வெண்ணெய்க்குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொழந்தைக்கு ஊட்டுறதாட்டம் செஞ்சு வச்சிருக்கியேப்பா. இதுல போயி வெண்ணெயப் போட்டுக்கினு! கொஞ்சம் கருவாட்டுக் கொழம்ப ஊத்து, எறங்கும்."

ஊற்றினோம். இறங்கியது. கரை ஓரத்திலிருந்தே கிள்ளி, கடைசிக் கவளம் வரை அணை உடையாமல் தின்று முடித்தார்.

மிஞ்சிய இரண்டு மாதிரிகளையும் மறுநாள் அளந்து படமெடுக்க வைத்திருந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் களியை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்தபடி குடித்துக்கொண்டிருந்தார். உருளையைக் கொஞ்சம் மாவு சேர்த்துத் தட்டித் தோசைக்கல்லில் போட்டிருந்தார். ஒரு பக்கம் சிவந்து முறுகியிருந்தது. அல்ஸ்டரிலும் மிஞ்சிய கிழங்கை மாவோடு பிசைந்து தட்டிக் கல்லில்தான் சுடுகிறார்கள் என்று சொன்னோம். "பின்ன, தூக்கியா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிப் போட்டார்.