காற்புள்ளியார்

எங்கள் தெருவில் அவருக்குக் காற்புள்ளியார் என்று பெயர். எதிரில் நின்று 'கமா' என்று சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. முப்பது வருடம் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்து அடுத்தவர் கணக்கில் பச்சை மசியால் டிக் அடித்தவர். ஓய்வுபெற்ற மறுவாரமே பேரன் விக்சனரி என்ற இணைய அகராதியைக் காட்டிக்கொடுத்துவிட்டான். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, வீட்டு அம்மாள் அப்போதே பயந்துபோனார்.

சொல்லுக்குப் பொருள் எழுதுவது அவர் வேலை இல்லை. பழைய நூலிலிருந்து யாராவது மேற்கோள் போட்டிருந்தால், அதற்குத் தலைவாரிப் பொட்டிட்டு நிறுத்துவதே அவர் வேலை. ஆங்கில விக்சனரியின் வழக்கத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். முதலில் ஆண்டு, தடித்த எழுத்தில். காற்புள்ளி. ஆசிரியர். காற்புள்ளி. நூற்பெயர், சாய்வெழுத்தில். காற்புள்ளி. பக்கம். முக்காற்புள்ளி. அதன் பிறகே மேற்கோள் வாயைத் திறக்கலாம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் புயலடித்த மறுநாள் தென்னந்தோப்பு மாதிரிதான் இருக்கிறது. சொன்னால் கேட்பாரா?

முன்னோர்கள்கூட அவரிடம் தப்பியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது. அதில் அடைப்புக்குறிக்குள் 'குறள், 396' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். "எந்தப் பதிப்பு? எத்தனையாவது பக்கம்?" என்று இவர் இன்றைக்குக் கேட்கிறார். 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் லட்சத்துக்கு மேல் மேற்கோள் சேர்த்தவர். பல இடங்களில் ஆசிரியர் பெயரோடு நிறுத்திக்கொண்டார். "என் மேசைக்கு வந்திருந்தால் ஆட்சேபம் எழுதித் திருப்பியிருப்பேன்" என்கிறார் காற்புள்ளியார்.

போன மாதம் அந்த 396ஆல்தான் வந்தது வினை. 'ஊறு' என்ற வினைச்சொல்லுக்கு அந்தக் குறளை யாரோ மேற்கோளாகப் போட்டிருந்தார்கள். மேற்கோளில் தலைச்சொல் வருமிடத்தைத் தடிப்பாக்க வேண்டும் என்பது விதி. குறளிலோ அது 'தொட்டனைத்து' என்பதோடு புணர்ந்து 'தூறும்' என்று நிற்கிறது. 'த்' முன்சொல்லின் சொத்து, 'ஊ' நம்முடையது. ஒரே எழுத்தில் இரண்டு பங்காளிகள்! முழுசாகத் தடித்தால், ஊற வேண்டிய கேணியில் மழை தூறுகிற மாதிரி ஆகிவிடும். பாகப்பிரிவினைக்கே துணிந்துவிட்டார். தகரத்துக்கும் அதன் சுழிக்கும் நடுவே குறியீட்டை நுழைத்தார். சுழி தகரத்தை விட்டுப் பிரிந்து, ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரையில் தொங்கியது.

"என்னங்க, பால் பொங்குது!"

"இரு, இங்கே ஊகாரம் தொங்குது!"

"பதம் பிரித்துப் போட்டுவிடுங்களேன் சார்" என்றேன். முறைத்தார். "புத்தகத்தில் இருப்பதைப் பிரிக்க நாம் யார்?" என்றார். அவர் சொன்னதில் இது ஒன்று நூற்றுக்கு நூறு சரி. கை வைத்த மேற்கோள், மேற்கோள் இல்லை. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகமென்றால், அதிலுள்ள தும்பிக்கை 'லை'கூட அப்படியே வேண்டும் என்று கணினியோடு மல்லுக்கு நிற்பது கொஞ்சம் அதிகம். அந்த வடிவத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது. எழுத்துரு மனசு வைத்தால்தான் உண்டு.

இப்போது அவரைப் பிடித்து ஆட்டுவது ஆண்டு. பழைய வைத்தியப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. முகப்புத்தாளில் 'சர்வசித்து வருஷம்' மட்டும் மிச்சம். மாதத்தைப் பூச்சி தின்றுவிட்டது. அறுபது வருடச் சுற்று அல்லவா! உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சேற்றிய 1887உம் சர்வசித்து, சுதந்திரம் வந்த 1947உம் சர்வசித்து. காகிதத்தைத் தடவி, அச்சை முகர்ந்து, பழையதுதான் என்று தீர்ப்பு எழுதினார். அன்று ராத்திரிதான் அவருக்குப் பொறி தட்டியது: தமிழ் வருடம் பங்குனி வரை போகும், ஆங்கில வருடம் மார்கழி நடுவிலேயே மாறிவிடும். தை மாதம் அச்சாகியிருந்தால் 1888!

"1887–88 என்று போடலாமே?"

"ஒரு புத்தகத்தை ரெண்டு வருஷமாகவா அடித்தான்? தப்பான ஆண்டை அதுவும் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறாயா?"

மூன்று நாளாக மனிதர் தூங்கவில்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து வைத்தியப் புத்தகம் கிடந்தால் தூசி தட்டிப் பாருங்கள். முகப்பில் சர்வசித்து என்று இருந்தால், என்ன மாதம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவர் அந்த மேற்கோளை எடுத்து வைத்திருக்கும் மூலிகைப் பெயருக்கு இன்னும் யாரும் பொருள் எழுதவில்லை. அதற்கு அவசரமில்லையாம்.