ஒரே ஒருவரின் நூறு விழுக்காடு

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சுக்கு,

2025 ஆகஸ்டில் நீங்கள் மக்களவைக்குக் கொண்டுவந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவின் கணக்குப் பாடத்தைப் படித்து வியந்தேன். கட்டடத்துக்கு முப்பது வயது ஆகவில்லையென்றால் உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதம் போதும். முப்பதைத் தாண்டிவிட்டால் 75. கைவிடப்பட்ட கட்டடமென்றால் 51. எண்பதா, எழுபத்தைந்தா என்று நாடே அடித்துக்கொண்டது. யாரை எண்ணி விழுக்காடு போடுவது என்ற கேள்விதான் அவ்வளவாக அடிபடவில்லை. அடுக்குமாடியில் ஆண்டுக்கணக்காக வாடகை கட்டிக் குடியிருப்பவர் கணக்கில் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர் கணக்கில் உண்டு. இந்த விஷயத்தில் பேராக்தான் உங்களுக்கு முன்னோடி. உங்கள் அமைச்சரே அங்குள்ள தெலுக் இந்தான் தொகுதிக்காரர், அவருக்குத் தெரியாததா? ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளானபோது 51, 75 என்ற அரைகுறைச் சம்மதத்துக்கு வேலையே இல்லை. நூற்றுக்கு நூறு கிடைத்தது. ஏனென்றால் கேட்கப்பட்டவர் ஒருவர்தான், கிரான் என்ற நிலப் பட்டா வைத்திருந்த கம்பெனி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தலைமுறைகளாக இருந்த பால்மரத் தொழிலாளிக்கும், அவர் சம்பளத்தில் பிடித்த காசில் எழும்பிய மாரியம்மன் கோவிலுக்கும், பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளிக்கும் கிரான் இல்லை. ஆகவே கருத்தும் இல்லை.

உங்களைவிடத் துணிச்சலானவர்கள் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். 1982-இல் வந்த மெல்லோ-ரூஸ் சட்டப்படி, சாலைக்கும் வடிகாலுக்கும் பள்ளிக்கும் கடன் வாங்கி, அதைத் தனிவரி போட்டு அடைக்கும் வட்டாரம் ஒன்றை அமைக்கலாம். அங்கே பதிந்த வாக்காளர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறைவென்றால் நில உரிமையாளர்களே வாக்களிப்பார்கள். ஏக்கருக்கு ஓர் ஓட்டு. வெற்று நிலத்தில் மேம்பாட்டாளர் தனியாக நின்று வரிக்குச் சம்மதம் சொல்வார்; பிற்பாடு வீடு வாங்கி வருகிறவர் அதைக் கட்டிக்கொண்டிருப்பார். பேராக்கில் இதற்கு ஒரே இடைஞ்சல், லயத்தில் ஆள் இருப்பது. முதலில் காலி செய்துவிட்டு அப்புறம் ஓட்டெடுப்பு வையுங்கள், ஏகமனதாக முடியும்.

கம்பெனியின் நிலம், கம்பெனி விற்கிறது. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகிறது என்பீர்கள். அப்படியென்றால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு எதற்கு? 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டம் கைமாற வேண்டுமானால் தோட்ட நில வாரியம் அனுமதி தர வேண்டும் என்கிறது அது. ஐம்பது, அறுபதுகளின் தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். தோட்டம் கைமாறுவது முதலாளியின் சொந்த விவகாரம் மட்டுமல்ல என்று இந்தப் பிரிவின் மூலம் அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. வாரியத்தைக் கேட்கலாம், லயத்தைக் கேட்டால் குற்றமா? சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். தொழிலாளியின் சம்மதம் செல்லுபடியாக அன்று இருந்த ஒரே வழி, தோட்டத்தையே விலைக்கு வாங்குவதுதான்!

எல்லாரையும் கேட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது அடுத்த வாதம். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை 1991-இல் அரசு திருத்தியது. பொருளாதார வளர்ச்சிக்கு நல்லது என்று மாநில அரசு கருதினாலே போதும், ஒருவரின் நிலத்தை எடுத்துத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். சம்மதமே வேண்டாத கதவு இவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கும்போது, குடியிருப்பவரைக் கேட்பதால் எந்தச் சாலை நின்றுவிடப் போகிறது? இந்தியாவின் 2013 சட்டம் நிலமில்லாத விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்டவராக ஏற்று மறுவாழ்வு தருகிறது. தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காடு சம்மதம் கேட்கும்போது மட்டும் அவரை மறந்துவிடுகிறது. அந்தப் பாதி தூரத்துக்குக்கூட நாம் இன்னும் வரவில்லை.

ஆகவே 80-ஐ 90 ஆக்கும் சிரமம் வேண்டாம். மசோதாவில் சம்மதம் தர வேண்டியவர் பட்டியலில் பத்து ஆண்டுக்கு மேல் குடியிருப்பவரையும் சேருங்கள். தோட்ட நில வாரியம் அனுமதி தருமுன் லயத்து மக்களை எழுத்தில் கேட்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து ஒரு குடியிருப்பாளர்