ஆமைக் கணக்கு

எண்ணுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி ராத்திரியாகக் கடலோரம் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைத் தேடுகிற வேலை சென்னையில் 1970-களிலேயே ஆரம்பித்துவிட்டது. 1988 முதல் மாணவர்கள் அதை ஓர் அமைப்பாகவே நடத்துகிறார்கள். தடம் பார்த்து, கம்பால் மணலைக் குத்திப் பார்த்து, 100, 120 முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, 45 நாளுக்கு மேல் காவல் இருக்கிறார்கள். கூலி கிடையாது, தூக்கமும் கிடையாது. அவர்கள் நோட்டில் ஏறியது தங்கக் கணக்கு.

அந்தக் கணக்கை அரசு என்ன செய்தது? படித்தது. மகிழ்ந்தது. மேலும் எண்ணச் சொன்னது.

2025 ஜனவரியில் எண்ணிக்கை எகிறியது. சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் 1000-க்கும் மேற்பட்ட ஆமைகள் ஒதுங்கின. ஒரு சின்ன விவரம்: எல்லாம் செத்த ஆமைகள். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணியை இழுவை மடிக்குள் மணிக்கணக்கில் அமுக்கி வைத்தால் வேறு எப்படி இருக்கும்? கடலே வீடான ஜீவனைக் கடல் தண்ணீரிலேயே மூழ்கடித்த சாதனை நம்முடையது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இங்கே ஆமை வீட்டுக்குள் புகுந்தது நாம். எது உருப்படவில்லை என்பதைக் கரையில் போய்ப் பார்க்கலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

சட்டத்துக்கு என்ன குறை! 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சம பந்தியில் உட்கார வைத்திருக்கிறோம். முட்டையிடும் காலமான ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. மடிக்குள் ஆமை தப்பிக்க ஓர் இரும்புச் சட்டமும் திறப்பும் வைக்க வேண்டும். வைத்தால் இறாலும் சேர்ந்து நழுவிவிடுமே என்பது முதலாளிகளின் கவலை. அந்த இரும்புச் சட்டம் இல்லாத மடியில் பிடித்த இறால் வேண்டாமென்று 1990-களில் அமெரிக்கா மறுத்தது. வழக்கு உலக வர்த்தக அமைப்பு வரை போனது. ஜெனீவாவில் வாதாட நமக்கு ஆள் இருந்தது. காசிமேட்டிலிருந்து 5 மைல் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தவறாமல் வரும். அதற்குள் பங்குனி முடிந்திருக்கும். பெயரிலேயே மாதத்தைச் சுமந்துகொண்டு வருகிற பிராணி, இதற்குமேல் எப்படி முன்னறிவிப்புக் கொடுக்கும்?

குப்பத்து ஆள் தலையில் பழியைப் போடுவது சுலபம். ஆனால் அந்த 5 மைல் ஃபைபர் படகுக்காரரின் கடலும்தான். விசைப்படகு அங்கே வாரிக்கொண்டு போவது அவர் சோற்றையும் சேர்த்துத்தான்.

ஆமைபோல் ஐந்தையும் அடக்கு என்றார் வள்ளுவர். அவர் பார்த்தது வேறு ஆமை. கடலாமையால் தலையையோ துடுப்பையோ ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. அந்த வித்தை வாய்த்தது நம் அலுவலகங்களுக்கு. கண், காது, வாய், கரையெல்லாம் நாறியபோது மூக்கு, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கோப்பு என்கிற ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. தலை வெளியே வருவது குஞ்சு விடும் விழாவுக்கு மட்டும். வெளிச்சத்தை நோக்கி ஓடுவது குஞ்சின் சுபாவம். கடலுக்குப் போக வேண்டியது ஹைமாஸ்ட் விளக்குப் பக்கம் தத்தித் தத்தித் திரும்பும். அதைப் பிடித்துத் திருப்பி விட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்து, 1000-ல் ஒன்றுதான் பிழைத்துப் பெரிதாகும் என்று மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள்.

அந்த ஒன்றுதான் ஐயா, பத்துப் பதினைந்து வருஷம் கடலில் தப்பிப் பிழைத்து, முட்டையைச் சுமந்துகொண்டு இந்தக் கரைக்கு வந்து உங்கள் மடியில் செத்தது.

செத்த ஆமையை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாதென்று ஓட்டில் பெயின்ட் அடித்து அடையாளம் வைப்பார்கள். இந்தப் பருவத்தில் ஆமையை விட்டுவிட்டுப் படகை எண்ணிப் பாருங்கள். பெயின்ட் செலவு மிச்சம். பதிவெண்ணை அவர்களே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.