கத முடிஞ்சுதுன்னு சொல்ல அவசரப்படற கண்ணுகளுக்கு

ஏங்கண்ணுகளா, டென்னிஸ் ஆடறவங்களுக்கு யோசன சொல்ல ஆளு இருக்குது, கால் அமுக்கி உட ஆளு இருக்குது, தோத்தாலும் காசு வருது. ஒத்தப் பைசா வரும்படி இல்லாம, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து, ஃபெடரரா நடாலா ஜோகோவிச்சான்னு மல்லுக்கட்டற உங்களுக்குத்தான் நாதியில்ல. அந்தக் கொறய நான் தீத்து வெக்கறேன், சித்தெ உக்காருங்க.

மொதல்ல, ஆளு தோத்த அன்னிக்கே கதய முடிச்சிரோணும். நீங்க அதுல ஏற்கெனவே கெட்டிக்காரங்கதான். இருந்தாலும் உங்களுக்கு முந்தியே அந்தத் தொழில் பாத்தவங்களத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. 2002-ல விம்பிள்டன்ல சாம்ப்ராஸ் ரெண்டாவது ரவுண்டுலயே தோத்தான். அங்க ஏழு தடவ கோப்பை தூக்குன ஆளு. தோக்கடிச்ச பாஸ்ட்லுக்கு ரேங்க் 145. தகுதிச் சுத்துலயே தோத்து, வேற ஒருத்தன் வெலகுனதால உள்ள வந்தவன். எடைவேளைல நாற்காலியில உக்காந்து, பொண்டாட்டி எழுதிக் குடுத்த காயிதத்த எடுத்துப் படிச்சிட்டிருந்தான் சாம்ப்ராஸ். பாக்கறவங்களுக்கே பாவமாப் போச்சு.

அடுத்து அமெரிக்க ஓப்பன். அவன்கிட்ட அஞ்சு செட் ஆடித் தோத்த ருசெட்ஸ்கி வெளிய வந்து, ஆளு ஒன்றரை எட்டு மந்தமாயிட்டான், அடுத்த ஆட்டம் ஜெயிச்சா ஆச்சரியந்தான்னு சொன்னான். பாருங்க, தோத்தவன் சொல்றான் ஜெயிச்சவன் கத முடிஞ்சுதுன்னு! உங்க கூட்டத்துக்குத் தலைவராப் போட வேண்டிய மனுசன். சாம்ப்ராஸ் பைனல்ல அகாசியத் தோக்கடிச்சு 14-ஆவது கிராண்ட்ஸ்லாம வாங்கிட்டுப் போனான். அதுக்கப்பறம் ஒரு ஆட்டங்கூட ஆடல. கத நெசமாவே முடிஞ்சுது, முடிச்சது அவன்.

தூரத்து ஊரு எதுக்கு, நம்ம நுங்கம்பாக்கத்தையே எடுத்துக்கங்க. 2008 சென்னை ஓப்பன் அரையிறுதி. நடாலும் அவனுக்கு அண்ணனாட்டம் பழகுன மோயாவும் நாலு மணி நேரத்துக்குக் கிட்ட அடிச்சுக்கிட்டாங்க. மூணு செட்டும் டைபிரேக்கர். தோக்கற பாயிண்டுலருந்து தப்பிச்சுத் தப்பிச்சு நடால் ஜெயிச்சான். கை தட்டி ஓயறதுக்குள்ள மறுநாள் பைனல், யூஸ்னி 6-0, 6-1-ன்னு தொடச்சு எடுத்தான். மொத நாள் பாத்துட்டுப் போனவனுக்கு நடால் மாவீரன், மறுநாள் மட்டும் வந்தவனுக்கு நடால் ஒண்ணுமில்லாதவன். ரெண்டு பேருமே டிக்கெட் வாங்கிக் கண்ணால பாத்தவங்கதான். அதே வருசம் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம், நம்பர் ஒன், எல்லாம் நடாலுக்குத்தான் போச்சு.

2016 முடிவுல ஃபெடரருக்கும் நடாலுக்கும் நீங்க விடை குடுத்து அனுப்பிட்டீங்க. முழங்கால் கோளாறுல ஆறு மாசம் ஆடாம இருந்த 35 வயசுக்காரன் ஃபெடரர், 2017 ஆஸ்திரேலியாவுல அஞ்சாவது செட்டுல 1-3-ன்னு பின்னால நின்னு, தொடர்ச்சியா அஞ்சு கேம் எடுத்து அதே நடாலத் தோக்கடிச்சான். அந்த வருசத்து நாலு பட்டத்தையும் ஆளுக்கு ரெண்டாப் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2025 பாரீஸ்ல சின்னர் மூணு சாம்பியன்ஷிப் பாயிண்ட வெச்சிருந்தும், அல்கராஸ்கிட்ட அஞ்சரை மணி நேரத்துக்கு ஒரு நிமிசம் கம்மியா ஆடித் தோத்தப்ப, பையன் மனசு ஒடிஞ்சுட்டான், இனி எந்திரிக்கமாட்டான்னீங்க. அஞ்சே வாரத்துல விம்பிள்டன் பைனல்ல அதே அல்கராஸ அடிச்சுட்டு நின்னான். நீங்க மட்டும் எந்திரிக்கவே இல்ல, மறுபடி கணக்குப் போட உக்காந்துட்டீங்க.

கணக்குன்னா அதுல உங்க கைவண்ணமே தனி. வாங்கறதுக்கு ஒரு படி, விக்கறதுக்கு ஒரு படி வெச்சிருந்த பழைய கடைக்காரங்க தோத்தாங்க போங்க. 2009-ல ஃபெடரர் சாம்ப்ராஸத் தாண்டி 15 எடுத்தப்ப அவன் கட்சிக்கு எண்ணிக்கைதான் எல்லாமே. 2022-ல நடால் 21-க்குப் போன ராத்திரியே, அழக எண்ண முடியுமான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. நடால் கட்சி ஃபெடரரோட ஆடுன 24-16-அ எங்க போனாலும் மடியிலயே கட்டிட்டுப் போகும். ஜோகோவிச்சோட 29-31-ன்னு எடுத்துச் சொல்லுங்க, களிமண்ணுல 20-9 தெரியுமான்னு தடம் மாத்தும். ஜோகோவிச் கட்சிகிட்ட 24 பட்டம், 428 வாரம் நம்பர் ஒன், ரெண்டு பேருக்கும் மேல நேருக்கு நேர் வெற்றின்னு எல்லாச் சீட்டும் இருக்குது. அப்படியிருந்தும் மூணுலயும் கோவக்காரங்க அவங்கதான். கணக்கு சேந்துருச்சு, கைதட்டல்தான் சேரல, என்ன பண்றது!

இதுல ஆட்டத்தோட கணக்கே உங்கள மாதிரிதான் வெளையாடும். 2019 விம்பிள்டன் பைனல்ல ஃபெடரர் எடுத்த பாயிண்ட் 218, ஜோகோவிச் 204. கோப்பை 204-க்குப் போச்சு. 8-7, 40-15-ல சர்வீஸ் ஃபெடரர் கையில இருந்துச்சு, ரெண்டு பாயிண்டுல ஒண்ணு போதும்.

பழைய ஆளுங்களயும் இந்தப் பட்டத்து எண்ணிக்கையில நிறுத்தப் பாக்கறீங்களே, அங்கதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. போர்க் 11 எடுத்தான், ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு தடவதான் போனான். அன்னைக்குப் பெரிய ஆளுங்க பல பேரு அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. எமர்சன் 12 வெச்சிருந்தான். முக்கால்வாசி, கெட்டிக்காரங்க புரொபஷனலாப் போயி வெளிய நின்ன காலத்துல வந்தது. அப்படி வெளிய நின்னவரு ராட் லேவர். 1962-ல நாலு பட்டத்தையும் ஒரே வருசத்துல எடுத்தாரு. காசுக்கு ஆடப் போனதால அஞ்சு வருசம் அந்த நாலுலயும் விடல. 1968-ல கதவத் தெறந்தாங்க, 1969-ல மறுபடி நாலையும் எடுத்தாரு. மொத்தம் 11. பாத்தீங்களா, உங்க கணக்குல அவரு எமர்சனுக்கும் கீழ.

அதனால என்ற ஓட்டு லேவருக்குத்தான் கண்ணு. ஒத்தையர்ல ரெண்டு தடவ ஒரே வருசத்துல நாலையும் ஜெயிச்சது ஆணு பொண்ணு ரெண்டுலயும் அவரு ஒருத்தருதான். அது போக இன்னொரு வசதி, அவரு ஆட்டத்த நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. சண்டைக்கு வழியே இல்ல.